விழாத பிரேக்கர்

"சுவத்துல கையை வெச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, இப்பத்தான் சூடு ஏற ஆரம்பிச்சிருக்கு."

ரெனே தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள். காய்ச்சல்கார நெற்றியைத் தொட்டது போலிருந்தது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அவளும் கணவன் டெரலும் பார்த்த ஒன்பதாவது வீடு அது. கட்டி அறுபது வருஷமானாலும் பார்த்ததும் பிடித்துப்போய், தரகர் மூலமாகவே விலை பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் குறை ஏதும் இருக்கிறதா என்று சோதிக்கப் பத்து மணிக்கு ஆள் வருவார், கையெழுத்துக்கு முன்னால் நீங்களும் கூட நின்று பாருங்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். போய் மணியடித்தபோது, வேலைச் சட்டையும் கையில் டார்ச்சுமாகப் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். பெயர் நார்பர்ட் என்றார். கூரை, குழாய் எதையும் காட்டாமல் நேரே நிலவறைக்கு இறக்கி, மின்சாரப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

ஒரே லைனில் இரண்டு ஹீட்டரையும் ஒரு இஸ்திரிப் பெட்டியையும் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பாரத்துக்கு ஒரு நிமிஷத்தில் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றிருக்க வேண்டுமாம். ஐந்து நிமிஷமாகியும் அது அசையவில்லை. அப்போதுதான் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

எல்லாவற்றையும் அணைத்து, மெயினையும் நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றினார்.

டெரல் குனிந்து பார்த்தான். உள்ளே இருந்த அலுமினியப் பட்டை மெழுகு போல உருகி, வழிந்த வாக்கிலேயே உறைந்திருந்தது. பின்பக்கப் பலகை ஒரு கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. எப்போதோ ஒரு நாள் நெருப்பு அதுவரை வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போயிருக்கிறது. இதன் மேல் ஆட்கள் சமைத்து, சாப்பிட்டு, தூங்கியிருக்கிறார்கள்.

மேலே என்ன அறை என்று கேட்டான். சின்னப் படுக்கையறை என்றார். அங்கேதான் மஞ்சள் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று ஏழு வயது மகள் சொல்லி வைத்திருக்கிறாள் என்றான் டெரல்.

"பெட்டி முழுசையும் மாத்தணும், ஒயரையும் பார்க்கணும். அதுவரைக்கும் குழந்தையை இங்க ஒரு ராத்திரிகூடப் படுக்க வைக்காதீங்க," என்றார் நார்பர்ட். "மாத்தாம கையெழுத்துக் கேட்டா, போடாம எழுந்து போயிடுங்க."

ரெனேவுக்கு அவரைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. இப்படி உடைத்துச் சொல்கிறீர்களே, வீட்டை விற்பவருக்கு உங்கள் மேல் கோபம் வராதா என்று கேட்டாள். அவர் திருகாணிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிலவறைப் படியில் காலடிச் சத்தம். கையில் கருவிப் பையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். வழியில் ஒரே நெரிசல், மன்னிக்க வேண்டும், வீட்டைச் சோதிக்க வந்திருப்பது தான்தான் என்றாள்.

டெரல் நார்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"வீடு என்னோடதுதாங்க," என்றார் அவர். "இதுக்கு முன்னால ஒரு வீட்டை வித்தேன். அதுலயும் இதே பெட்டி. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. தீப்பிடிச்சப்ப, வாங்கினவங்க நாலு பேர்ல ஒருத்தர்தான் உயிரோட வெளியே வந்தாங்க."