இரண்டாவது முகவரி

எங்கள் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு ஐபி முகவரிதான் உண்டு. திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இரண்டாவதாக இன்னொன்று ஒட்டிக்கொண்டது. அழித்தேன். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அதன் மாஸ்க்கில், அதாவது முகவரியின் எல்லையைச் சொல்லும் எண்ணில், இரண்டாவது முகவரி என்பதால் கடைசியாக 255 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது. ஆபீஸ் நெட்வொர்க்கே படுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்துகொண்டிருந்த தப்பு அது. பக்கத்து சீட் நண்பன்தான் திட்டித் திட்டித் திருத்தினான்.

யார் மாற்றியது என்று சர்வர் பதிந்துவைக்கும் லாக்கில் என் பெயர் இருந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்த நேரத்துல நான் தினமும் இவனோட கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருப்பேன் சார். இவனையே கேளுங்க."

நண்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் தனியாத்தான் சார் போவேன். கேன்டீன் கண்ணாடி வழியா பார்த்தா, இவன் சீட்ல உக்காந்து டைப் பண்ணிட்டு இருப்பான்."

பத்து வருஷப் பழக்கம். கூசாமல் சொன்னான்.

மறுநாள் நான் டீக்குப் போகவில்லை. என் பெயரில் இதைச் செய்ய வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்க சீட்டிலேயே இருந்தேன். யாரும் வரவில்லை. பதினொன்றே காலுக்குத் திரையில் இரண்டாவது முகவரி இருந்தது, கடைசியில் 0. கீபோர்டின் மேல் என் கைகள் இருந்தன.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பன் இரண்டு டீயோடு உட்கார்ந்திருந்தான். எதிரே, முதுகைக் காட்டியபடி, நான் போட்டிருந்த அதே சட்டையில் ஒருவன். நண்பன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஒரு டீயை அவன் பக்கம் நகர்த்தினான்.