அழுத்திப் பிடித்த விரல்

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. ஷேவ் செய்யும்போது பிளேடு பட்டால்கூட ரத்தம் நிற்காது. அம்மா பஞ்சை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் கசியும். நான் கட்டைவிரலை வைத்தால் உடனே நின்றுவிடும்.

"உன் கை ராசிடி. டாக்டருக்குப் பதிலா உன்னையே வெச்சுக்கலாம்" என்று அப்பா சிரிப்பார்.

அதனால் ஊசி போட்ட இடத்தையெல்லாம் நான்தான் அழுத்தினேன்.

இன்று ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதாம்.

"நிக்காத ரத்தம் எப்படி டாக்டர் உறையும்?" என்று அம்மா கேட்டாள்.

"உறைய வைக்கிறதையும் கல்லீரல்தாம்மா செய்யுது, உறையாமத் தடுக்கிறதையும் அதுதான் செய்யுது. ரெண்டுமே குறைஞ்சுபோச்சு. எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயலாம்."

படத்தில் அந்த ரத்தக்கட்டியைக் காட்டினார். அதில் கைரேகை மாதிரி கோடுகள் வளைந்து ஓடின. குறுக்கே ஒரு தழும்பு. என் கட்டைவிரலிலும் அதே இடத்தில் தழும்பு இருக்கிறது.

இப்போது அம்மா தூங்குகிறாள். அப்பா கையை நீட்டினார். "கொஞ்சம் பிடிச்சுக்கோ கண்ணு, பயமா இருக்கு."

கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் கொடுத்தேன்.

"என்னடி, மிட்டாய் ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கட்டைவிரலைத் தன் மணிக்கட்டில், நாடியின் மேல் வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

விரலுக்கு அடியில் துடிப்பு மெதுவாகிக்கொண்டே போகிறது. எடுக்கப் பார்க்கிறேன். தூக்கத்திலும் அப்பா பிடியை விடவில்லை.