கெரிகன் போட்ட ஓட்டு

"எழுதி வச்சுக்கோங்க. நம்ம பெட்டியில ஒரே ஒரு 'இல்லை' ஓட்டு விழும். மத்ததெல்லாம் 'ஆம்'தான்" என்றாள் கிஸ்லேன், மேப்பிள் பாகில் வேகவைத்த பீன்ஸைத் தட்டுகளில் அள்ளிப் போட்டபடி.

மறுநாள் திங்கட்கிழமை வாக்கெடுப்பு. கியூபெக் தனி நாடாகப் போவதா, கனடாவோடு இருப்பதா என்று ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிஸ்லேன் தனி நாடு கேட்ட 'ஆம்' குழுவின் அந்தப் பகுதித் தலைவி. வீடு வீடாக ஏறி இறங்கி, யார் எந்தப் பக்கம் என்று கணித்து வைப்பது அவள் வேலை. அந்தச் சாலையில் இருந்த நாலைந்து பண்ணைகளும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டன.

"மாகாணம் முழுக்க எப்படிப் போகும்?" என்று கேட்டாள் பக்கத்துப் பண்ணை லிசெத்.

"மயிரிழையில ஜெயிக்கிறோம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே" என்றார் இன்னொரு பண்ணைக் கிழவர் ரொசேர். "பதினஞ்சு வருஷமா அந்த மயிரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறோம்."

"நம்ம பெட்டியைப் பத்தி நான் சொன்னது என்னிக்காவது தப்பியிருக்கா?"

தப்பியதில்லை.

"அந்த ஒண்ணு கெரிகனோடதுதானே?" லிசெத்துக்கு எதையும் உடைத்துக் கேட்டால்தான் திருப்தி.

பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைந்த அந்தச் சாலையில் இங்கிலீஷ் பேசுகிறவர் கெரிகன் ஒருவர்தான். தனி ஆள். செப்டம்பரில் அவருடைய மாட்டுக் கொட்டகை எரிந்து சாம்பலாகிவிட்டது. மாடுகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தங்கள் கொட்டகைகளில் கட்டிப் பார்த்துக்கொண்டது இவர்கள்தான். வருகிற சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து புதுக் கொட்டகையை எழுப்பித் தருவதாகப் பேச்சு. யாருக்குக் கொட்டகை எரிந்தாலும் அங்கே அப்படித்தான் செய்வார்கள், கூலி கிடையாது. பனி கொட்டுவதற்குள் கூரை ஏறாவிட்டால் கெரிகன் மாடுகளை விற்றுவிட்டு வெறுங்கையோடு உட்கார வேண்டியதுதான்.

"நம்ம கொட்டகையில மாட்டைக் கட்டிட்டு நமக்கு எதிரா ஓட்டா?" என்றார் ரொசேர்.

"போடட்டும். சனிக்கிழமை எவன் வரான்னு பார்க்கலாம்" என்றாள் லிசெத்.

கிஸ்லேனின் கணவன் ஃபெர்னான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "மாடுங்க யாருக்கு ஓட்டுப் போடுதுன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். கிஸ்லேனும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பால் கறந்து முடித்த கையோடு மறுபடி கிஸ்லேனின் சமையலறையில் கூடியபோது யார் முகத்திலும் ஈயாடவில்லை. மாகாணத்தின் முடிவு மயிரிழையில்தான் வந்திருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம். அவர்கள் பெட்டியில் ஒரே ஒரு 'இல்லை'. எண்ணும்போது கிஸ்லேன் பக்கத்திலேயே நின்றாள். இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். அப்போதும் ஒன்றுதான்.

"இப்படி ஒண்ணொண்ணாச் சேர்ந்துதானே நம்மளைக் கவுத்துச்சு!" லிசெத் மூக்கைச் சிந்தினாள். "நீ சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு, கிஸ்லேன்."

கிஸ்லேன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கெரிகன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது. "மரம் வந்து இறங்கிடுச்சு. சனிக்கிழமை எத்தனை பேருக்குச் சமைக்கட்டும்?"

"உனக்கு மட்டும் சமைச்சுக்கோ" என்றார் ரொசேர்.

கெரிகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஓட்டு விஷயமா? நான் 'ஆம்'தான் போட்டேன், ரொசேர். என் மாட்டுக்கு நீங்க இடம் குடுத்தீங்க. உங்களுக்கு ஒரு நாடு வேணும்னா நான் குறுக்க நிப்பேனா?"

"ஓஹோ! அப்ப அந்த ஒரு ஓட்டை மாதா கோயில் மணி இறங்கி வந்து போட்டுச்சா?" என்றாள் லிசெத்.

"பொய்யைக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியல" என்றார் ரொசேர். "கிஸ்லேன் கணக்கு தப்பாது. சொல்லேம்மா, ஏன் நிக்கறே?"

கிஸ்லேன் துணியை மறுபடி அடுப்பில் தேய்த்தாள். கெரிகன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க கெரிகன்." ஃபெர்னான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்த ஓட்டு என்னுது."

"என்னது?" ரொசேர் கையில் இருந்த காபி சட்டையில் கொட்டியது.

"'இல்லை'னு போட்டது நான்தான். பொண்டாட்டி தலைவியா இருக்கா, அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூடிக்கிட்டிருந்தேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவருக்குக் கொட்டகையைக் கட்டிக் குடுங்க."

"அடப்பாவி! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே!" என்று கத்தினார் ரொசேர். லிசெத் ஓடிப்போய் கிஸ்லேனைக் கட்டிக்கொண்டு, "உனக்கா இந்த நிலைமை!" என்று அழுதாள்.

வசவு ஓய்ந்ததும் ரொசேர் கெரிகனின் கையைப் பிடித்து, சனிக்கிழமை விடியும்போதே வந்துவிடுவதாக முணுமுணுத்தார். லிசெத் தன் மகன்களையும் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு ஃபெர்னான் மெதுவாக உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தான். கிஸ்லேன் எதிரே வந்து நின்றாள்.

"ஏன் பொய் சொன்னே?"

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில இருந்தது ஒண்ணே ஒண்ணுதானே, ஃபெர்னான்." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "சீட்டுல 'ஆம்' போடப் பென்சிலைக் கையில எடுத்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு."