அசையாதவள்

"பெரியவரே, யாரைக் கேட்டு எடுக்குறீங்க?"

கைப்பைக் கடைக்காரன் குறுக்கே வந்து நின்றதும், மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்தியிருந்த கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார் அந்தப் பெரியவர். இரவுச் சந்தையில் கூட்டம் நெரிந்தது. இருவரையும் இடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள், வந்தார்கள்.

"ஊர் சுத்திப் பார்க்க வந்தேன், தம்பி. சந்தையை எடுக்குறேன்."

"சந்தை அந்தக் கோடி வரைக்கும் இருக்கு. நீங்க என் கடைக்கு எதிர்லயே வேர் விட்டு நிக்குறீங்களே!"

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "விடுப்பா, உன் கடைக்கு ஓசி விளம்பரம்."

"நீ சும்மா இருண்ணே. இவரு பையை எடுக்கலை."

அவனுக்குக் காது மடல் சுட்டது. கடையில் நிற்பவள் அவன் மனைவி. தெருவில் கடை போட்டவன் வீட்டு மானத்தையுமா தெருவில் விரித்து வைத்துவிட்டான்?

"காட்டுங்க பார்க்கலாம்."

பெரியவர் முதுகு வளையாமல் நின்றபடியே கேமராவின் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

படத்தில் சந்தையே கலங்கிக் கிடந்தது. நடந்தவர்கள் எல்லோரும் புகையாக இழுபட்டிருந்தார்கள். நடுவில் அவன் மனைவியின் முகம் மட்டும் செதுக்கி வைத்ததுபோல் தெளிவாக இருந்தது. அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"இதுக்குப் பேரு சந்தையா?"

"இருட்டுல எடுத்தா அப்படித்தான். அசையுறவங்க கலைஞ்சு போயிடுவாங்க. அசையாதவங்கதான் படத்துல விழுவாங்க."

"பாடம் நடத்தாதீங்க. உங்க வீட்டுப் பொண்ணை எவனோ இப்படி எடுத்தா சும்மா இருப்பீங்களா?"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்க மாட்டேன். நீ கேட்டது சரி, தம்பி. கேக்காம இருந்திருந்தாதான் தப்பு."

அவன் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிப் படத்தில் விரல் தயங்கியது.

"அதையும்தான்."

அதையும் அழித்தார். ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் கூட்டத்தில் கலந்தார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு கடைக்குத் திரும்பினான் அவன். "ஆளு ஒரு மாதிரி. உன்னையே எடுத்துக்கிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் அழிக்க வெச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பின்னே? என்னை என்ன கையாலாகாதவன்னு நினைச்சியா?"

அவள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க அவரைப் பார்த்ததில்லை, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஒரு படமாவது நல்லா விழட்டும்னுதாங்க அவ்வளவு நேரம் அசையாம நின்னேன். செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்ன எங்கப்பா, கேமரா வழியாதானே பார்த்துக்கிட்டு இருந்தாரு!"