வெந்நீர் ஊற்றைக் கண்டுபிடித்தவர்கள்

வெந்நீர் ஊற்று விடுதியின் வாசலில் மூன்று கல்வெட்டுகள் இருந்தன. ஒன்றில் ஊற்றைக் கண்டுபிடித்த ஜமீன்தாரின் பெயர். அடுத்ததில் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிய கலெக்டர் துரையின் பெயர். மூன்றாவதில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க உத்தரவிட்ட மந்திரியின் பெயர்.

மூட்டுவலியோடு வந்த எருமையை முதல் கல்வெட்டு அதட்டியது. "ஏய், இது வரலாற்றுச் சிறப்புமிக்க இடம். தள்ளிப் போ!"

"காணாமப்போன எருமையைத் தேடி வந்துதானே உங்க ஜமீன்தார் இந்த ஊற்றையே பார்த்தாரு? அன்னைக்கு இதுல சொகமா படுத்திருந்தது எங்க கொள்ளுப்பாட்டிங்க."

"அப்படி எந்தக் கல்லில் எழுதியிருக்கிறது?"

எருமையிடம் கல் எதுவும் இல்லை. சரிவுக்குக் கீழே இருந்த சேற்றுக்குட்டையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த மாதம், புதிதாக வந்த மேலாளர் தன் பெயரிலும் ஒரு கல்வெட்டு செய்யச் சொன்னார். மற்ற மூன்றையும்விடப் பெரியது. அதை நடுவதற்காகப் பாறையை ஆழமாக உடைத்தார்கள். ஊற்று வழி மாறியது. விடுதியின் தொட்டி வற்றிப்போய், எருமையின் குட்டையில் வெந்நீர் கொப்பளித்தது.

மறுநாளே மேலாளர் அதே கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு குட்டைக்கு வந்துவிட்டார்.

எருமை மெதுவாக எழுந்து இடம் விட்டது. "வாங்க ஐயா, வந்து கண்டுபிடிங்க."