ஐந்து மணிவரை

கணவர் குளிக்கப் போயிருந்தார். அவருடைய தொலைபேசி சாப்பாட்டு மேசையில் இருந்தது.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மணி நாலு பதினெட்டு. கலந்தாய்வில் மகளுக்குக் கிடைத்த சென்னைக் கல்லூரி இடத்தை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். ஏற்கும் பொத்தானை அமுக்கினால் ரகசிய எண் அவருடைய தொலைபேசிக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் அவர் நம்பரைக் கொடுத்தவள் அவளேதான். அந்த மடத்தனத்துக்காக நேற்றிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கூடத்தில் மகள் சுபிதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அமுக்கு."

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாங்கல்லாம்மா."

"அமுக்குன்னேன்."

நேற்று மத்தியானம், சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மெட்ராசுக்கு அனுப்பி என்ன ஆவப்போவுது? நீயுந்தான் படிச்சே. வேலைக்கும் போனே. இப்ப வீட்லதான கெடக்கே. இவ இங்கயே பக்கத்துல எதுலயாவது சேரட்டும்."

கிடக்கிறாளாம்.

பதினோரு வருடம் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மலேரியாக் கிருமியை முதலில் பிடிப்பது அவள்தான். ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து இருந்தால் டாக்டர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பில் சுபிதா கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய அன்று இதே மனிதர்தான் கேட்டார், நீ ஊரார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்ற பிள்ளையை யார் பார்ப்பது என்று. நாக்கு எப்படியெல்லாம் புரள்கிறது.

வேலையை விட்டாள். வெள்ளைக் கோட்டை உடன் வேலை பார்த்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறந்துபோன அல்ஜீப்ராவை முதலிலிருந்து படித்தாள். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் முழுக்கச் சூத்திரங்களை ஒட்டிவைத்தாள். மகள் பள்ளிக்கூடம் போனபின் ஒவ்வொரு கணக்கையும் தானே போட்டுப் பார்த்தாள். சாயங்காலம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்படி ஏழு வருடம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. மதிப்பெண் பட்டியலைத் தன் இரும்புக்கடைக்குக் கொண்டுபோய், ஆணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டவர் அவர்தான்.

இப்போது, யாருடைய படிப்புக்காக வேலையை விட்டாளோ அந்தப் பிள்ளையின் படிப்புக்கே, அவள் வேலையை விட்டதைக் காரணமாகக் காட்டிக் குறுக்கே நிற்கிறார்.



"அமுக்கிட்டேம்மா."

தொலைபேசியில் ஒன்றும் வரவில்லை.

பின்பக்கக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சாயங்காலம் கடை திறக்கப் போகுமுன் அவர் குளிப்பது வெறும் காக்காய்க் குளியல். துவட்டிக்கொண்டு வெளியே வர இரண்டு நிமிடம் ஆகும். வந்ததும் தொலைபேசியைத்தான் தேடுவார்.

அவள் பின்பக்கம் போனாள். பூனை நுழையாமல் இருக்கக் குளியலறைக் கதவுக்கு வெளியேயும் ஒரு தாழ்ப்பாள் உண்டு.

சத்தமில்லாமல் போட்டாள்.

 

தொலைபேசி அதிர்ந்தது. ஆறு எண்கள். கூடத்துக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

கூடத்தில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"இடம் உறுதியாயிட்டும்மா" என்றாள் சுபிதா.

கதவு உள்ளிருந்து குலுங்கியது.

"ஏய், யாரு தாழ்ப்பாளப் போட்டது?"

சுபிதா ஓடி வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவள் மகளின் கையைப் பிடித்து விலக்கினாள். ஐந்து மணிவரை, கிடைத்த இடத்தை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அதற்கும் அவர் தொலைபேசி போதும். ஐந்துக்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மணி நாலு முப்பத்தொன்று.

"நீ போயி துணிமணிய எடுத்து வையி" என்று மகளை அனுப்பினாள்.

பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, குளியலறைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே அவர் இரண்டு கையாலும் கதவைத் தட்டினார்.

"ஏட்டி, கேக்குதா இல்லியா? என் வேலையப் போட்டுட்டு எவ்வளவு நேரம் இதுக்குள்ளயே இருக்கது?"

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.