வாஷிங்டன் வீட்டுக்குப் போனார்

“இந்தத் தவணையும் நானே கடையைப் பார்த்துக்கிறேன் காக்கா. நீங்க அடுத்த கப்பல்லயே ஊருக்குத் திரும்பிடுங்க,” என்றான் தம்பி ஸமீம்.

இத்ரூஸ் பெட்டியைக் கீழே வைத்தார். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி, கப்பல், கொழும்பு, ரயில் என்று எலும்பு நோகப் பண்டாரவளையில் வந்திறங்கியவர், இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தமான ஜவுளிக்கடை அது. இரண்டு வருடம் ஒருவர் கடையில், மற்றவர் ஊரில். பிறகு ஆள் மாற வேண்டும். வாப்பா காலத்து ஏற்பாடு. இப்போது இத்ரூஸின் முறை.

“முறைன்னா முறைதான்டா. நீ கிளம்பு.”

“உங்களுக்கும் வயசாகுது. இந்தக் குளிர்ல எதுக்குக் கஷ்டப்படணும்? லரீபா மச்சியோட நிம்மதியா இருங்களேன். அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“பொண்டாட்டி என்ன சொல்லுவா? அழுதா. வழியனுப்பி வச்சா.”

தம்பிக்குப் பதவி ருசித்துவிட்டது, வேறொன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணிமார் ‘முதலாளி’ என்று கும்பிடுகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் தலைவர் நாற்காலி வேறு. லேசில் விடுவானா?

இத்ரூஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். “கப்பல்ல ஒரு படிச்ச ஆளு கதை சொன்னார். அமெரிக்காவுல வாஷிங்டன்னு ஒரு தளபதி. இங்கிலீஷ்காரனோட எட்டு வருஷம் சண்டை.”

“ஜெயிச்சாரா?”

“எங்க ஜெயிச்சார்? முதல்ல தோத்துத் தோத்து ஓடினார். கொட்டுற பனியில சிப்பாய்ங்க காலுக்குச் செருப்பில்ல. ஒருநாள் ஐஸ் மிதக்குற ஆத்தைப் படகுல தாண்டிப் போய், எதிரிப் படையை அசந்த நேரத்துல மடக்கிட்டார். கடைசியில நாட்டையே ஜெயிச்சுக் குடுத்தார். ராஜாவா இருங்கன்னு கேட்டுப் பார்த்தாங்க. தளபதி வேலையையும் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார்.”

“இப்படியும் ஒரு மனுஷனா?”

“இன்னும் கேளு. மறுபடியும் கூப்பிட்டு நாட்டுக்கே தலைவராக்கினாங்க. ரெண்டு தவணை இருந்தார். மூணாவதும் இருங்கன்னாங்க. போதும்ப்பான்னு பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு சொந்த வீட்டுக்குப் போயிட்டார். அவர் ஒரு நாட்டை விட்டார். உனக்கு இந்தத் துணிக்கடையை விட மனசில்ல.”

ஸமீம் தலை குனிந்தான்.

“வீட்டு நினைப்பு எப்படி அரிக்கும்னு தெரியுமாடா? தொண்டையில சோறு இறங்காது. கண்ணை மூடினா வாசல்ல நிக்கிற முகம்தான் தெரியும். நீ கல்லு மாதிரி இருக்கே. அங்க உன் பொண்டாட்டி றஷீனா நாளை எண்ணிக்கிட்டுக் கிடக்குறா.”

சொல்லும்போதே இத்ரூஸின் குரல் உடைந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காக்கா அழுது ஸமீம் பார்த்ததேயில்லை. தனக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

“நாளைக்கே போறேன் காக்கா. நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க.”

மறுநாள் அவனை ரயிலேற்றி, புகை மறையும்வரை இத்ரூஸ் நின்று பார்த்தார். நேரே கடைக்கு வந்து பூட்டைப் போட்டார். ஒரு மாட்டுவண்டி பிடித்து, மாலையில் பதுளை போய்ச் சேர்ந்து, சந்துக்குள் இருந்த ஒரு சின்ன வீட்டுக் கதவைத் தட்டினார்.

“தம்பியை அனுப்பியாச்சா?” என்று கேட்டபடி கதவைத் திறந்தாள், குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் போன தவணையில் அவர் நிக்காஹ் செய்திருந்த நபீலா. அவள் இடுப்பிலிருந்த குழந்தை, தன் வாப்பாவை முதல்முறையாகப் பார்த்து மிரண்டு அழுதது.